புளிப்புச் செர்ரி வாங்கப் போகிறவர்களுக்கு

மூட்டுவலிக்கும் தூக்கத்துக்கும் நல்லதாமே என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவை.

1. முதலில் பழத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பழக்கடையில் பெட்டியில் வரும் கருஞ்சிவப்புப் பழம் இனிப்புச் செர்ரி. பேக்கரியில் பன் மேல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் சாயமேற்றிப் பாகில் ஊறவைத்த களாக்காய். புளிப்புச் செர்ரியில் அமெரிக்காவின் முக்கிய ரகம் மான்ட்மோரன்சி. பளீர்ச் சிவப்புத் தோல், உள்ளே வெளிர்மஞ்சள் சதை. மிச்சிகன் மாநிலத்தில்தான் அங்கே அதிகம் விளைகிறது. ஜூலையில் இயந்திரம் அடிமரத்தைப் பிடித்து உலுக்கும். சில நொடிகளில் பழமெல்லாம் உதிர்ந்து, கன்றிப்போகாமலிருக்கக் குளிர்ந்த நீர்த் தொட்டிக்குப் போய்விடும். அவ்வளவு மென்மையான பழம் பச்சையாகத் தொலைதூரம் வராது. உறைய வைத்தது, உலர்த்தியது, சாறு, இவைதான் நம் கைக்கு வரும்.

2. லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். உலர்பழத்தில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருக்கும். எதுவும் சேர்க்காத சாற்றிலும் 240 மில்லி டம்ளருக்குச் சுமார் 25 கிராம் சர்க்கரை உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சாற்றைவிட, உறைய வைத்த முழுப் பழம் மேல்.

3. யூரிக் அமிலத்தால் வரும் கவுட் வலிக்காகத்தான் பலரும் இதைத் தேடுகிறார்கள். 2012-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் 633 கவுட் நோயாளிகளின் நிலையைத் தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டு நாள் செர்ரி சாப்பிட்ட காலத்தில் வலி தாக்கும் வாய்ப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையும் சேர்ந்தபோது 75 சதவீதம். ஆனால் பின்னர் நியூசிலாந்தில் 50 பேருக்கு 28 நாள் புளிப்புச் செர்ரிச் செறிவுச்சாறு கொடுத்துப் பார்த்ததில் யூரிக் அமிலம் குறையவில்லை. செர்ரி வந்துவிட்டது என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

4. தூக்கம். பழத்தில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் கொஞ்சம் இருக்கிறது. 2012-இல் 20 பேர் ஒரு வாரம் சாறு குடித்தபோது தூக்க நேரம் கூடியது. ஆய்வு சிறியது; முயன்று பாருங்கள், ஆனால் ராத்திரி காபியையும் செல்போனையும் விடாமல் பழத்தைக் குறை சொல்லக்கூடாது.

5. ஓட்டக்காரர்களுக்கு நம்பிக்கை தரும் செய்தி உண்டு. லண்டன் மாரத்தான் ஓடியவர்களில், போட்டிக்குச் சில நாள் முன்பிருந்தே சாறு குடித்தவர்களின் தசைவலு சீக்கிரம் திரும்பியது. வலி வந்த பிறகு தொடங்குவதில் அவ்வளவு பயன் எதிர்பார்க்க வேண்டாம்.

6. சாற்றில் சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் இருப்பதால் அதிகம் குடித்தால் வயிற்றைக் கலக்கும். கொட்டையை உடைத்துத் தின்னாதீர்கள். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. சிறுநீரக நோயாளிகள் சாற்றிலுள்ள பொட்டாசியத்தை நினைத்து, டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

7. 'நோய் தீரும்' என்று எழுதிய பாட்டிலை நம்பாதீர்கள். இப்படி விளம்பரம் செய்த 29 செர்ரி நிறுவனங்களுக்கு 2005-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

8. மூட்டு சிவந்து, வீங்கி, காய்ச்சலும் அடித்தால் சாறு குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.