மூன்று எண்களை எழுதி அனுப்பு

எட்டிமடை

அன்புள்ள மருமகனுக்கு,

காலையில் பைக் செல்ஃப் எடுக்கவில்லை, ரிலே மட்டும் டிக் டிக்கென்று அடிக்கிறது, ஹாரனும் கம்மிப்போச்சு என்று எழுதியிருந்தாய். கடையில் பார்த்த மாத்திரத்தில் "பேட்டரி போச்சு" என்றார்களாம். போயிருக்கலாம். ஆனால் ஏன் போனது என்று பார்க்காமல் புதிதை வைத்தால், பழசைக் கெடுத்தது புதிதையும் கெடுக்கும். பேட்டரிக்குப் பணம் எடுக்கும் முன் ஒரு மல்டிமீட்டர் வாங்கு, கண்ணு. விலை குறைந்ததே போதும். டி.சி. 20 வோல்ட்டில் திருப்பி வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொட்டுப் பார்.

முதல் அளவை விடிகாலையில் சாவி போடும் முன் எடு. ஓட்டி நிறுத்திய கையோடு பார்த்தால் எண் கூடுதலாகக் காட்டும். 12.6-க்கு மேல் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-ஐ ஒட்டி இருந்தால் கிட்டத்தட்டக் காலி. 10.5 பக்கம் நின்று, சார்ஜ் போட்டும் ஏறவில்லை என்றால் உள்ளே உள்ள ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது. அதைப் பிழைக்க வைக்க முடியாது.

இரண்டாவது, செல்ஃப் அழுத்தும்போது. 10-க்குக் கீழே விழாமல் நின்றால் நல்லது. 12.6 காட்டிய பேட்டரி செல்ஃப் தொட்டதும் 7, 8 என்று சரிந்தால் அதற்குத் தெம்பில்லை. ஆனால் எண் அசையாமல் நிற்க, செல்ஃபும் சுற்றவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதே. டெர்மினல் போல்ட், எர்த் ஒயர், ரிலே மூன்றையும் பார். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சுரண்டித் துடைத்து, இறுக்கிவிட்டு மறுபடி அள. பலருக்கு வேலை அதோடு முடிந்துவிடும்.

மூன்றாவதுதான் எல்லாரும் விட்டுவிடுவது. எப்படியாவது ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்து, ஹெட்லைட் எரிய அள. 13.5-இலிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். 13-ஐத் தொடவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை: காயிலோ, ஆர்.ஆர். (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட்டோ, நடுவில் உள்ள கப்ளரோ. அந்த வெள்ளைக் கப்ளரைப் பிரித்துப் பார், கருகிப் பழுப்பாகியிருந்தால் அதுதான் இடம். 15-ஐத் தாண்டினாலும் ஆபத்து. பேட்டரி சூடேறி விலா புடைத்துவிடும். இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும் புதுப் பேட்டரி சில மாதம்கூடத் தாங்காது.

உன் ஓட்டத்தையும் யோசி. வாளையாரிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு அரை மணிகூட ஆகாது. 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே வழியில்லை. செல்ஃப் எடுத்தது திரும்பி ஏறும் முன் கம்பெனி வந்துவிடுகிறது. போதாததற்கு நம் ஊர் வெயில். மார்ச், ஏப்ரலில் பாலக்காடு நாற்பது டிகிரியைத் தொடும்போது, இன்ஜின் பக்கத்தில் சீட்டுக்கடியில் இருக்கும் பேட்டரி இன்னும் வேகும். சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பொதுக்கணக்கு. கோடையில் வாங்கிய அடி ஆனி மழையில்தான் வெளியே தெரியும். அதனால் வெயிலில் நிறுத்தாதே, வாரத்தில் ஒருநாள் கோயம்புத்தூர் வரையாவது ஒரே ஓட்டமாகப் போய் வா.

உன்னுடையது பி.எஸ். 6, கிக்கர் கிடையாது. பெட்ரோல் பம்ப்புக்கும் இன்ஜினை இயக்கும் இ.சி.யு.வுக்கும் கரண்ட் இல்லாவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நடக்காது. இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்கு அது சிறிய விஷயமில்லை. மதுக்கரையிலிருந்து கஞ்சிக்கோடு வரை காடு எப்படியென்று உனக்குத் தெரியும். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்தது அந்தத் தடத்தில்தான். அங்கே இருட்டில் வண்டியோடு நீ நிற்பதை உன் அம்மாவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, என்னாலும்தான்.

பேட்டரியே மாற்ற வேண்டும் என்று ஆனால், பழசின் மேல் உள்ள ஏ.எச். (ஆம்பியர்-அவர்) எண்ணையே கேட்டு வாங்கு. தயாரித்த மாதத்தைப் பார், கடையிலேயே மீட்டர் வைத்து 12.5-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார், வாரண்டி கார்டில் தேதியும் சீலும் போடச் சொல். கழற்றும்போது முதலில் மைனஸ், பிறகு பிளஸ்; மாட்டும்போது முதலில் பிளஸ். முறை மாறினால் பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பானர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. உன் வண்டியில் யாரையும் அதைச் செய்ய விடாதே, இ.சி.யு. போய்விடலாம்.

பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடாதே. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்கினால் அந்தப் புகையும் மண்ணும் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதிது வாங்கும் கடையிலேயே கொடு, விலையில் கழித்துக்கொள்வார்கள்.

மூன்று எண்களையும் எழுதி அனுப்பு. மூன்றாவது 13-க்குக் கீழே இருந்தால் எதுவும் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமை வண்டியை இங்கே கொண்டு வா, காயிலையும் ஆர்.ஆர். யூனிட்டையும் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
மாமா