கண்ணாடித் தொட்டியில் ஒரு குளம்

மீன் வளர்க்க விழைவோர் முதற்கண் மீனைத் தேடுகின்றனர். நாம் முதலில் தேடத்தக்கது நீர்ப்பூண்டேயாம். லண்டன் இரசாயன நூல்வல்லார் ராபர்ட் வாரிங்டன் இரு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் பூண்டையும் ஒரு தொட்டியிலிட்டுச் சோதித்து, அதன் பயனை 1850-இல் வெளியிட்டார். அழுகிய இலைகளால் நீர் கலங்கவே, நத்தைகளை விட்டு அதனைத் தெளிவித்தார். அம்மூன்றனுக்கும் துணையாய்க் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களும் உளவென்று இன்று அறிவோம்.

கழுவிய பருமணலை இரண்டங்குலம் பரப்பி, பூண்டின் வேர் மறையவும் குருத்து மறையாதிருக்கவும் நடுவோம். குழாய் நீராயின் அதன் குளோரினை மருந்திட்டு நீக்கி, மணல் கலையாவண்ணம் ஒரு தட்டின்மேல் மெல்ல வார்ப்போம். நேர்வெயில் படின் பாசி மிகும்.

இனிப் பொறுமை வேண்டும். மீனின் கழிவிற் பிறக்கும் அம்மோனியா நஞ்சு. நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சே. பின்னர் அது நைட்ரேட்டாகிப் பூண்டுக்கு உணவாகும். அவ்வுயிர்கள் பெருகச் சில வாரங்கள் செல்லும். அதுவரை நாடோறும் மீனுணவைச் சிறு துகளளவு இட்டு வருவோம். சோதனையில் இரு நஞ்சும் இல்லையெனக் கண்ட பின்னரே சிறுமீன் இரண்டினை விடுதல் தகும்.

தெளிந்த நீரெல்லாம் உயிர் தாங்கும் நீரன்று. காத்திருத்தலே அம்மீன்களுக்கு நாம் செய்யும் முதல் உபகாரமாம்.