மாமனார் வீட்டில் வேதம் பேசுவது

சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட கத்தோலிக்கப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். தூத்துக்குடி, நாசரேத், பாளையங்கோட்டைப் பக்கம் தெருவுக்கு ஒருத்தியாவது நம்மைப் போல இருப்பாள். ஆயரிடம் அனுமதி வாங்கி, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுத்துத் தாலி கட்டிக்கொண்டவர்கள் நாம். கல்யாணத்துக்கு முன்னால் எல்லாரும் மாதாவைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். ஜெபமாலையும் சுரூபமும் சில மாதங்களில் அந்த வீட்டுக்குப் பழகிவிடும். பழகாமல் அடியில் கிடப்பது வேறொரு கேள்வி. விசுவாச காரியத்தில் கடைசி வார்த்தை வேதத்துடையதா, திருச்சபையுடையதா? இதைப் பேசத் தெரியாதவர்கள் மாதாவைப் பற்றியும் பேச முடியாது, உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றியும் பேச முடியாது.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் உண்டு. மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை வருஷந்தோறும் வாசித்து முடிப்பவர். நான் வந்த புதிதில், "ஆர்.சி.யில பைபிள் வாசிக்க மாட்டாங்களே, உனக்கு இடம் எடுக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். ஆனாலும் அது இன்றுவரை எனக்குச் சுருக்கென்று இருக்கிறது. ஞாயிறு மறைக்கல்வி எடுத்தவள் நான். எங்கள் திருப்பலியில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. பழைய ஏற்பாடு, திருப்பாடல், திருமுகம், நற்செய்தி என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்டு வளர்ந்தவர்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? வாயால் பதில் சொல்லாமல் அன்று எசாயாவை எடுத்து வாசித்தேன். கொஞ்ச நாளில் மாமா தன் பழைய வேதாகமத்தையும் என் திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "உன்னுதுல இது எப்படி இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார். அந்த மேசையில் எனக்குக் கிடைத்த இடம் நான் சம்பாதித்தது. அதனால்தான் அதை என் அண்ணன் ஒரே வாக்கியத்தில் போக்கடித்ததை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அண்ணன் வந்திருந்தார். யூடியூப் விவாதங்கள் பார்த்துப் பார்த்துத் தேறியவர். பேச்சு எப்படியோ 2 திமொத்தேயு 3:16க்கு வந்தது. வேதமே போதுமானது என்றார் மாமா. அண்ணன் சிரித்துக்கொண்டே, "அந்த வேதத்தை உங்களுக்குத் தந்ததே எங்க திருச்சபைதான் மாமா. 397ல கார்த்தேஜ் சங்கத்துல நாங்க முடிவு பண்ணலைன்னா உங்க கையில புஸ்தகமே கிடையாது" என்றார்.

மாமா சாப்பாட்டில் கையை வைத்தபடியே கேட்டார்: "தபால்காரர் கொண்டுவந்து குடுத்தா லெட்டர் அவரு எழுதுனதாயிருமா? ஆண்டவருக்கு மேலயா உங்க சபை?"

அண்ணன் மேலும் இரண்டு சங்கங்களின் பெயரைச் சொன்னார். அத்தை குழம்பை நகர்த்தி வைத்து எவ்வளவோ பேச்சை மாற்றிப் பார்த்தார். மாமா கை கழுவ எழுந்துவிட்டார். மறுநாள் ஜெபத்தில் அவரே வாசித்து அவரே முடித்தார். என்னைக் கூப்பிடவில்லை. லெந்து நாட்கள் வந்து ஈஸ்டரும் போயிற்று, அப்போதும் கூப்பிடவில்லை.

கத்தோலிக்கர் செய்கிற தவறுகளில் விலை அதிகமானது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். "பைபிளைத் தந்தது நாங்கள்" என்ற வாக்கியம் நம் ஆட்களுக்குக் கடைசி அஸ்திரம் மாதிரி. அதைச் சொன்னால் எதிராளி வாயடைத்துப் போவார் என்று நினைக்கிறார்கள். வாயடைத்துத்தான் போவார், ஆனால் தோற்றதால் அல்ல. நாம் கடவுளுடைய இடத்தில் நம்மை வைத்துவிட்டோம் என்று அவர் காதில் விழுகிறது. அதற்கு மேல் நம்மோடு வேதம் பேச அவருக்கு என்ன இருக்கிறது?

அண்ணன் சொன்ன வரலாற்றில் பிழையில்லை. 393இல் ஹிப்போவிலும் 397இல் கார்த்தேஜிலும் கூடிய வட ஆப்பிரிக்கச் சங்கங்கள் புத்தகப் பட்டியலை வகுத்தது உண்மை. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவை நம் திருச்சபையே ஏற்கவில்லை. முதலாம் வத்திக்கான் சங்கம் 1870 ஏப்ரல் 24 அன்று வெளியிட்ட கோட்பாட்டு ஏடு இதைத் தெளிவாகச் சொல்கிறது. மனிதர் எழுதிய நூல்களைத் திருச்சபை பின்னால் அங்கீகரித்ததால் அவை திருநூல்கள் ஆகவில்லை. தூய ஆவியின் ஏவுதலால் எழுதப்பட்டு, கடவுளையே ஆசிரியராகக் கொண்டு, அப்படியே திருச்சபையிடம் ஒப்படைக்கப்பட்டதால்தான் அவை திருநூல்கள். 1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு இன்னும் வெளிப்படை. அதன் பத்தாம் எண்ணில், திருச்சபையின் ஆசிரியம் இறைவார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்குப் பணிசெய்வது என்று இருக்கிறது. திருத்தந்தைக்கு வழுவாவரம் உண்டு என்று அறிவித்த அதே முதலாம் வத்திக்கான் சங்கம்தான் தபால்காரர் விஷயத்தில் மாமாவின் பக்கம் நிற்கிறது!

இந்த இரண்டு பத்திகளையும் தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். "இதை உங்க அண்ணன் அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம். வாசித்திருந்தால் சொல்லியிருப்பார். விவாதத்தில் ஜெயிக்கப் பேசுகிறவர்கள் தங்கள் சொந்தச் சபையின் ஏட்டைக்கூடப் புரட்டிப் பார்ப்பதில்லை என்பது என் தீராத குறை. அன்றிரவு மாமா என்னை வாசிக்கச் சொன்னார்.

அடுத்தது பட்டியல். வசனத்துக்கு வசனம் எடுத்துப் போடும் முன், இருவர் கையிலும் இருக்கிற புத்தகம் ஒன்றுதானா என்று பாருங்கள். அவர்களுடையதில் 66, நம்முடையதில் 73. 1519இல் லைப்சிக் நகரில் ஜான் எக் என்பவர் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு ஆதாரமாக 2 மக்கபேயரை எடுத்தபோது, அந்த நூல் விசுவாசத்தை நிலைநாட்டும் பட்டியலில் இல்லை என்று மார்ட்டின் லூத்தர் மறுத்தார். மறுத்த பிறகு எக் எத்தனை வசனம் காட்டி என்ன பயன்? ஐந்நூறு வருஷம் கழித்து நம் வீட்டு மேசையிலும் அதே முட்டுச்சந்தில் போய் நிற்பானேன்?

பட்டியல் பேச்சு வந்தால் ஒரு பொய்யைச் சந்திக்கத் தயாராக இருங்கள். எங்கள் ஊர்க் கன்வென்ஷனில் ஒரு பிரசங்கியார், 1546இல் திரெந்து சங்கத்தில்தான் ஆர்.சி.க்காரர்கள் ஏழு புத்தகத்தைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று மைக்கில் முழங்கினார். முன்வரிசையில் மாமனார் மாமியாரோடு உட்கார்ந்திருந்தேன். அங்கே எனக்குப் பேச வாய்ப்பில்லை, இங்கே சொல்கிறேன். கார்த்தேஜ் பட்டியலிலேயே அவை உண்டு. 1442இல் ஃபுளோரன்ஸ் சங்கம் கோப்து கிறிஸ்தவர்களுக்காக வெளியிட்ட பட்டியலில் உண்டு. 1450களில் குட்டன்பர்க் அச்சடித்த இலத்தீன் பைபிளில் உண்டு. லூத்தரே தமது 1534ஆம் ஆண்டு ஜெர்மன் பைபிளில் அவற்றை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனியாக வைத்து அச்சிட்டார். 1611ஆம் ஆண்டு கிங் ஜேம்ஸ் பைபிளிலும் அவை இருந்தன. இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கி வைத்த தமிழ் வேதாகமத்தை பெஞ்சமின் சூல்ட்சே 1728இல் முடித்தபோது, தள்ளுபடி ஆகமங்கள் என்று இவர்கள் சொல்கிற நூல்களையும் சேர்த்தே அச்சிட்டார். லூத்தரன் மிஷனரி அவர்! பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் இந்த நூல்களுக்குப் பணம் செலவழிப்பதில்லை என்று தீர்மானித்தது 1826இல். மலிவு விலையில் ஊரெல்லாம் பரவிய பைபிள்களில் அவை இல்லாமல் போனதற்கு அந்தத் தீர்மானம் பெரிய காரணம்.

இதையெல்லாம் சொல்கிற வாய், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அத்தனாசியார் 367இல் எழுதிய மடலில் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் நம் கையில் இருப்பது போலவே வருகின்றன. பழைய ஏற்பாட்டுப் பட்டியலிலோ தோபித்து, யூதித்து, சீராக், சாலமோனின் ஞானம் எல்லாம் வாசிப்புக்கு உதவுகிறவை என்று தனியாகத்தான் நிற்கின்றன. புனித எரோணிமுஸுக்கும் இவற்றைப் பற்றித் தயக்கம் இருந்தது. இங்கிலாந்து சபையின் 39 பிரமாணங்களில் ஆறாவது பிரமாணம் அவரைச் சொல்லித்தான், இந்த நூல்களை நல்லொழுக்கத்துக்காக வாசிக்கலாம், கோட்பாட்டை நிலைநாட்டப் பயன்படுத்தலாகாது என்கிறது. நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகள் ஆங்கிலிக்கன் வழிவந்தவை. ஆகையால் "தள்ளுபடி" என்று தூக்கிப் போடுவது அவர்களுடைய சொந்தப் பாரம்பரியமும் அல்ல. மாமாவிடம் இதைக் காட்டிய பிறகு, அவர் என் திருவிவிலியத்தில் சீராக்கின் ஞானத்தை முழுக்க வாசித்தார். கோட்பாட்டுக்கு ஆகாது என்பதில் அவர் இன்றும் உறுதி. அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

எதிர் வீட்டில் கோட்டயத்து யாக்கோபாயக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த அம்மாவிடம் பேசிய பிறகு இந்த விவாதமே எனக்கு விரிந்தது. அவர்களுடைய முன்னோரின் பழைய சிரியாக் பைபிளில் புதிய ஏற்பாட்டு நூல்கள் 22தான். 2 பேதுரு, 2 யோவான், 3 யோவான், யூதா, திருவெளிப்பாடு அதில் இல்லை. வேதம் பெரிதா சபை பெரிதா என்ற கேள்வியே அவர்களுக்கு விசித்திரமாகப்பட்டது. வழிபாட்டில் வாசித்துக் கேட்பதுதான் வேதம், அதைப் பிரித்து எடுத்து எடை போடுவானேன் என்று கேட்டார். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் பக்கத்தில் இருந்தால் கட்டாயம் பேசிப் பாருங்கள்.

சி.எஸ்.ஐ.க்காரர்கள் "வேதம் மட்டும்" என்று சொல்லும்போது, தனிமனிதன் தன் இஷ்டத்துக்கு வாசித்துக்கொள்ளலாம் என்று சொல்வதாக நம்மவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அது அநியாயம். 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையின் அமைப்புச் சட்டம், வேதமே விசுவாசத்தின் உன்னதமான, தீர்மானிக்கும் அளவுகோல் என்கிறது. கூடவே அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தையும் நைசியா பிரமாணத்தையும் ஏற்கிறது. 39 பிரமாணங்களில் இருபதாவது, விசுவாசத் தர்க்கங்களில் சபைக்கு அதிகாரம் உண்டு என்றும், எழுதப்பட்ட தேவ வார்த்தைக்கு விரோதமாக எதையும் கட்டளையிட முடியாது என்றும் சொல்கிறது. நம் 1965ஆம் ஆண்டு ஏட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி உண்டு, மறைக்க மாட்டேன். எழுதப்பட்டதும் வழிவழியாகக் கையளிக்கப்பட்டதும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்று நாம் சொல்கிறோம். கையளிக்கப்பட்டதை எழுதப்பட்டது திருத்தலாம் என்று அவர்கள் சொல்கிறார்கள். மாமா மாற்கு 7ஐ எடுப்பார், நான் 2 தெசலோனிக்கர் 2:15ஐ எடுப்பேன். இந்த இடத்தில் நாங்கள் ஒத்துப்போனதே இல்லை. எங்கே பிரிகிறோம் என்பது இப்போது இருவருக்கும் சரியாகத் தெரியும்.

மதினி கதை வேறு. அவர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். குழந்தையாக இருக்கும்போது பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லி மாமாவையே அழவைத்தவர். அவரிடம் சங்கங்களின் வருஷத்தைச் சொல்லிப் பயனில்லை. "ஆவியானவர் எனக்கு உணர்த்தினார்" என்பார். அவரிடம் நான் கேட்டது ஒன்றே. "நீங்க உணர்ந்தது வேதத்துக்கு ஒத்ததான்னு உங்க சபையில யாரு பாக்குறா மதினி?" பாஸ்டர் பார்ப்பார் என்றார். சரி, அப்படியானால் அங்கும் வேதத்தை விளக்கிச் சொல்ல ஒரு அதிகாரம் இருக்கிறது. 1 கொரிந்தியர் 14:29இல் பவுலும் இறைவாக்கு உரைப்பவரைப் பேசவிட்டு, மற்றவர்கள் ஆய்ந்து பார்க்கட்டும் என்கிறார். அவர் அதை ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். என் பிள்ளைகளை மறுபடி முழுக்கு எடுக்கச் சொல்வதை மட்டும் நிறுத்தினார். அந்தப் பாஸ்டர் வீட்டுக்கு வந்து பேச விரும்பியபோது நான் மறுத்துவிட்டேன். பிள்ளைகள் எதிரே அவர்கள் தாயின் விசுவாசத்தை விசாரணைக்கு நிறுத்த யாருக்கும் உரிமையில்லை. சிலர் அதைக் கோழைத்தனம் என்றார்கள். நான் செய்தது சரி.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். அவர்களுடைய மொழிபெயர்ப்பிலிருந்தே வாசியுங்கள். தெரியாததைக் கேட்டுவந்து சொல்கிறேன் என்று சொல்லுங்கள். பிறந்த வீட்டு ஆட்களை உங்களுக்காகப் பேச விடாதீர்கள்.

கடைசியாக, கலப்புத் திருமணத்துக்குத் தயாரிப்பு வகுப்பு எடுக்கும் தந்தையர்களிடம் ஒரு வேண்டுகோள். எனக்கு நடந்த வகுப்பில் வாக்குறுதிப் படிவத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினார்கள். அந்த வீட்டில் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1870ஆம் ஆண்டு ஏட்டிலிருந்து அந்த ஒரு பத்தியையும் 1965ஆம் ஆண்டு ஏட்டின் ஒன்பதாம், பத்தாம் எண்களையும் அச்சடித்து அந்தப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். அரைமணி நேரம் போதும்.