அரக்கன் போட்ட பாதை

அயர்லாந்துக் கடற்கரையில் அரக்கன் கட்டியது என்று சொல்லப்படும் கல் பாதையின் படத்தைப் பார்த்தோம். எல்லாம் அறுகோணக் கற்கள்! மனிதக் கை படாமல் இது எப்படிச் சாத்தியம் என்று என் மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?
– வாசகி, தஞ்சாவூர்

வறண்ட ஏரியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வண்டலைக் காட்டுங்கள், பாதி விளங்கிவிடும். வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கரையில் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிய எரிமலைக் குழம்பு, ஆறும்போது சுருங்கி வெடித்தது. வெடிப்புகள் உள்ளே இறங்க இறங்கத் தூண்கள் உருவாயின. ஏறத்தாழ 40,000 தூண்கள்! எல்லாமே அறுகோணம் அல்ல. ஐந்து, ஏழு பக்கத் தூண்களும் உண்டு. படத்தில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கதையையும் அவசியம் சொல்லுங்கள், அது அவ்வளவு அழகு. ஸ்காட்லாந்து அரக்கன் பெனன்டானரோடு மோத, அயர்லாந்து அரக்கன் ஃபின் மக்கூல் கடலில் கல் பாதை போடுகிறான். எதிரியின் உருவத்தைக் கண்டதும் வீட்டுக்கு ஓடிவருகிறான். கெட்டிக்கார மனைவி அவனுக்குக் குழந்தை வேடமிட்டுத் தொட்டிலில் கிடத்துகிறாள். தேடி வந்தவன், ‘பிள்ளையே இவ்வளவு பெரிது என்றால் அப்பன் எப்படியிருப்பான்?’ என்று நடுங்கி, பாதையை உடைத்தெறிந்துகொண்டே ஓடிவிடுகிறான். அக்கரையில், ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவிலுள்ள ஃபிங்கல் குகையிலும் இதே வகைத் தூண்கள் நிற்கின்றன. கதை சொன்னவர்கள் இரு கரைகளையும் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

மகள் நேரில் பார்க்க ஆசைப்பட்டால், உடுப்பி அருகே மால்பேயிலிருந்து படகேறி செயின்ட் மேரீஸ் தீவுக்குப் போங்கள். அங்கேயும் எரிமலைத் தூண்கள்தான். மழைக்காலத்தில் படகு ஓடாது. டிசம்பர், ஜனவரி நல்லது.