பைலுக்கு எத்தனை தேதிகள்?

பழைய போட்டோக்களையும் கடிதங்களையும் பென் டிரைவிலிருந்து புதிய கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்தவர்கள் பலர் என்னிடம் கேட்கும் சந்தேகம் இது: "பைல் 2012ல் திருத்தப்பட்டதாகவும், இன்றுதான் உருவானதாகவும் காட்டுகிறதே, பிறக்கும் முன்பே திருத்த முடியுமா?" பயம் வேண்டாம். பைல் கெட்டுப் போகவில்லை.

விண்டோஸ் ஒவ்வொரு பைலுக்கும் மூன்று நேரங்களைக் குறித்து வைக்கிறது.

கிரியேட்டட்: இந்த பைல் இந்த இடத்தில் உருவான நேரம்.
மாடிபைட்: உள்ளே இருக்கும் தகவல் கடைசியாக மாற்றப்பட்ட நேரம்.
அக்சஸ்ட்: கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம். இது எப்போதும் உடனுக்குடன் பதிவாவதில்லை. எனவே நான் இதை நம்புவதில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நோட்பேடில் இரண்டு வரி டைப் செய்து சேவ் செய்யுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அந்த பைலைக் காப்பி செய்து வேறொரு போல்டரில் பேஸ்ட் செய்யுங்கள். புதிய பைலில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். மாடிபைட் பழைய நேரத்தையும், கிரியேட்டட் பேஸ்ட் செய்த நேரத்தையும் காட்டும். காப்பிக்குப் பதிலாகக் கட் கொடுத்து, அதே டிரைவில் உள்ள வேறு போல்டருக்கு மாற்றினால் இரண்டுமே மாறாது.

ஆகவே பைலின் வயதை அறிய மாடிபைட் தேதியைப் பாருங்கள். ஆனால் இதுவும் மாறக்கூடியதே. படத்தைத் திருப்பி சேவ் செய்தால் அன்றைய தேதி வந்துவிடும். இமெயிலில் வந்த பைலை டவுன்லோட் செய்தால், பொதுவாக டவுன்லோட் செய்த நேரமே பதிவாகும். ஜிப் பைலாக்கி அனுப்பினால், உள்ளிருக்கும் பைல்களின் மாடிபைட் தேதியும் கூடவே செல்லும்.

கேமராவில் எடுத்த படங்களுக்கு இன்னொரு தேதியும் உண்டு. பிராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் டேபைக் கிளிக் செய்தால் 'டேட் டேக்கன்' தெரியும். இது படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் காப்பி செய்தாலும் மாறாது. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது பெரும்பாலும் நீக்கப்பட்டுவிடும்.

குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் எந்த ஆண்டு எடுத்தது என்று பின்னாளில் தேடக் கூடாது அல்லவா? அதற்கு நான் பின்பற்றும் வழி எளிது. தேதியை பைலின் பெயரிலேயே, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதிவிடுவேன். எடுத்துக்காட்டாக, '2024-05-12 பிறந்தநாள்'. பெயர்வாரியாக அடுக்கினால் படங்கள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும். எத்தனை முறை காப்பி செய்தாலும் இந்தத் தேதி மாறாது.

இன்றே உங்கள் கம்ப்யூட்டர் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அது தவறினால் பைல்களில் பதிவாகும் நேரமும் தவறும்.