பி.டி. பீரியடை விட்டுக்கொடுக்காதீர்கள்

எனக்குச் சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓடி, பிசிஓஎஸ் என்றும் சொல்வார்கள்) என்று தெரிந்ததும் நான் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "கட்டியை ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?" என்பதுதான். ஸ்கேனில் தெரிபவை எடுக்கவேண்டிய கட்டிகளே அல்ல, வளர்ச்சி பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள் என்று அவர் விளக்கினார். பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடுகிறது. அதனால் சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க, முட்டை முதிர்ந்து வெளியே வருவதில்லை.

குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்வேன். நீங்கள் மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்பே கணவருக்கு விந்தணுப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். அதில் குறையில்லை, கருக்குழாயிலும் அடைப்பில்லை என்றால், எடுத்தவுடன் ஐ.வி.எஃப். தேவையா என்று தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலும் லெட்ரோசோல் மாத்திரையில்தான் தொடங்குவார்கள். மாதவிலக்கின் ஆரம்ப நாட்களில் 5 நாள். அது மார்பகப் புற்றுநோய்க்கும் தரும் மருந்து என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். இந்தியாவில் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு அதை 2011இல் தடைசெய்து, 2017இல் தடையை நீக்கினார்கள். 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினரும், பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினரும் குழந்தை பெற்றார்கள். மாத்திரை முடிந்த பிறகு, முட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிகுலர் ஸ்டடிக்காக அடிக்கடி ஸ்கேனுக்கு அலைய வேண்டும். நான் வேலை பார்க்கும் பள்ளியில் முன்கூட்டியே பர்மிஷன் பேசி வைத்துக்கொண்டது எனக்குப் பெரிய நிம்மதி.

உடம்பு கூடுதலாக இருந்தால் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சிலருக்கு முட்டை வெளிவரத் தொடங்கும். 70 கிலோ என்றால் மூன்றரைக் கிலோ. தசைகள் உழைக்கும்போது இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆகவே எடை இறங்காவிட்டாலும் நடைப்பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

நான் உடற்கல்வி ஆசிரியை. என் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. முப்பது வயதில் டாக்டர் சீட்டில் எழுதித் தரும் இந்த உடற்பயிற்சியைத்தான், பதிமூன்று வயதில் 'போர்ஷன் முடியல' என்று சொல்லி நாம் பிடுங்கிக்கொள்கிறோம். 5 முதல் 17 வயதுவரை நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டின் உலகக் கணக்குப்படி, 11 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளில் 85 சதவீதத்தினருக்கு அது கிடைக்கவில்லை.

பிள்ளைகளை மைதானத்துக்கு வரவழைக்க எனக்குக் கைகொடுத்தவை சின்ன விஷயங்கள்தான். பி.டி. நாளில் துப்பட்டா வேண்டாம் என்று தலைமை ஆசிரியையிடம் அனுமதி வாங்கினேன். கழிப்பறையில் தண்ணீரும் நாப்கினும் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். எறிபந்தா, கோ-கோவா, ஸ்கிப்பிங்கா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். யாருடைய எடையையும் வாயால் சொல்வதில்லை. "ஓடலைன்னா நீர்க்கட்டி வரும்" என்று பயமுறுத்துவதும் இல்லை. பரம்பரையாகவும் வருவது அது. ஒல்லியான பிள்ளைக்கும் வரும், நன்றாக ஓடுகிற பிள்ளைக்கும் வரும்.

வயதுக்கு வந்து 8 ஆண்டு ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் முதல் வருடம் கழிந்த பிறகும் 90 நாளைத் தாண்டி மாதவிலக்கு தள்ளிப்போனால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கோடு டைம்டேபிளையும் கேட்டுப் பாருங்கள். போன வாரம் பி.டி. பீரியடில் என்ன நடந்தது என்று உங்கள் மகளிடமே விசாரியுங்கள்.