பழைய பட்டடைக்கு மறுவாழ்வு

கேள்வி: விளிம்பு உடைந்த பழைய கொல்லுப் பட்டடையைச் சரிசெய்து பயன்படுத்த முடியுமா?
– வாசகர், ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: பழைய பட்டடைகள் பலவற்றில் தேனிரும்பு உடலின் மேல் கடினமான எஃகுத் தகடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தத் தகடே பட்டடையின் உயிர். சுத்தியலால் தட்டும்போது சுத்தியல் நன்றாக எகிறினால் தகடு உறுதியாக இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் ஒலி மந்தமானால் அங்கே தகடு விட்டிருக்கலாம்.

மேற்பரப்பை முழுதும் தேய்த்துச் சமமாக்கக் கூடாது, தகடு மெலிந்துவிடும். சில்லு உடைந்த விளிம்பை மட்டும் மழுக்கினால் போதும். தேய்க்கையில் எஃகு நீலம் பாரித்தால் கடினம் குறையும்.

பெரிய பள்ளத்தை வெல்டிங்கில் நிரப்புமுன் பட்டடையைச் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, பின்பு சாம்பலில் மெல்ல ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் விரிசல் விழும்.

இறுதியாக, கனமான புளியங்கட்டையில், தொங்கும் கையின் விரல்முட்டி தொடும் உயரத்தில் அசையாமல் பொருத்த வேண்டும்.